தலை இல்லாத படங்களும் லீலாவதியும்

குன்னம் பஸ் ஸ்டாப்பில் நின்று "லீலாவதி" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவர் உங்களைவிட மெதுவாக ஆரம்பிப்பார். சிலை செய்கிற மணிவேல் தன் பொண்டாட்டியைத் துணியில்லாமல் நிறுத்தி வைத்துப் படம் வரைந்தானாம். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்று தலையை மட்டும் விட்டுவிட்டானாம். அந்தப் படங்களுக்கு மெட்ராசில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். படித்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறார்களாம். வேப்பூர்ப் பக்கம் போனால் கதைக்குக் கொஞ்சம் சதை போட்டிருக்கும். அங்கே மெட்ராஸ்காரனே நேரில் வந்து வரைந்துவிடுவான். அரியலூர் போய்ச் சேருவதற்குள் லீலாவதி ரயிலேறி ஓடியே போயிருப்பாள்.

அவள் எங்கேயும் ஓடவில்லை. குன்னத்திலேயே தையல் மிஷினை மிதித்துக்கொண்டு இருக்கிறாள். அரியலூர் ரோட்டோரம் மணிவேல் செய்த பெரிய அம்மனும் கண் திறந்து உட்கார்ந்துதான் இருக்கிறாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஊர் வம்பு பேசுவதில் எனக்கு ஒன்றும் கூச்சம் கிடையாது. மைக்செட் தொழிலே அதுதானே, நாலு பேர் பேசுவதை நாலு ஊருக்குக் கேட்கவைப்பது. ஆனால் வம்பிலும் ஒரு நேர்மை வேண்டும். மணிவேல் வாயால் கேட்டதையும், லீலாவதி வாயால் கேட்டதையும், மைக் கட்டப் போன இடத்தில் என் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பெரம்பலூர் தனி ஜில்லாவான வருஷம்தான் லீலாவதி கல்யாணமாகி வந்தாள். திருமானூர்க்காரி. கொள்ளிடத்துத் தண்ணீரையும் கரும்பையும் பார்த்து வளர்ந்தவள், எங்கள் ஊர் வெங்காயக் காட்டைப் பார்த்துவிட்டு, "இங்க மழை பெய்யுமா, இல்ல பெய்யும்னு பேசிக்கிறதோட சரியா?" என்று கேட்டாளாம். சீதனமாகத் தையல் மிஷின் வந்தது. வந்த சூட்டிலேயே ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்க ஆரம்பித்துவிட்டாள். ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தெரியாத ரகசியம் ஊரில் இருக்காது. அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது. எனக்கு அது பெரிய நஷ்டம்.

மணிவேல் கொத்தனாராக இருந்து சிலை வேலைக்கு வந்தவன். செங்கலும் கம்பியும் வைத்துக் கட்டி, மேலே சிமெண்டு பூசி உருவம் எடுப்பான். சிமெண்டுக்கு எங்கள் பக்கம் பஞ்சமா? காலியான பையைக் கிழித்து விரித்தால் காக்கித் தாள் பெரிதாகக் கிடைக்கும். அதைத் தட்டி உதறி வீட்டுக்குக் கொண்டுவருவான். லீலாவதி அதில்தான் கரியால் கோடு போட்டு ஜாக்கெட்டுக்கு அளவு வெட்டுவாள். பையைப் போட்டு அளவெடுத்த ஜாக்கெட் என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். பதிலுக்கு என் வீட்டுக்காரியின் ஜாக்கெட்டை ஒரு மாசம் தைக்காமல் வைத்திருந்தாள்.

மணிவேல் குதிரை செய்தால் கனைக்கும். முனியப்பன் செய்தால் மீசையைப் பார்த்துக் குழந்தைகள் அழும். அம்மன் மட்டும் வரவே வராது. தொண்ணூற்றேழில் முதல்முதலாக ஓர் அம்மன் எடுத்தான். கோயில் கமிட்டித் தலைவர் அய்யம்பெருமாள் படுதாவை விலக்கிப் பார்த்தார்.

"மேஸ்திரி, இது அம்மனா? இல்ல, நம்ம முனியப்பன் சேலை கட்டிக்கிட்டு வந்திருக்காரா?"

"பெயிண்ட் அடிச்சா சரியாயிடுங்க."

"பெயிண்ட் அடிச்சா பூசினது மறையும்யா. அந்தத் தோளு எங்க மறையும்? நெல்லு மூட்டை ஏத்தலாம் போல இருக்கு!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சத்தமாகச் சிரிக்க வரும். அன்றைக்கு மைக் வேறு கையில் இருந்தது. மணிவேல் கடப்பாரையை எடுத்துத் தன் அம்மனைத் தானே இடித்துத் தள்ளினான்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அம்மன் சிலைக்குக் காப்புக் கட்டிக்கொண்டவன் வீட்டுக்குள் போகக் கூடாது. சிலை நிற்கிற இடத்திலேயே படுக்கை. பெண்பிள்ளையை உற்றுப் பார்க்கக் கூடாது. சிலையைச் சுற்றிப் படுதா கட்டியிருக்கும். கண் திறக்கிற நாள் வரைக்கும் அதற்குள் எந்தப் பெண்ணும் கால் வைக்கக் கூடாது, உருவத்தில் பெண் கை படக் கூடாது. பட்டால் தீட்டு, இடிக்க வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் மணிவேல் சோற்றுத் தூக்குக்காகத் தன் வீட்டு வாசலில், தெருவில் நின்றான். லீலாவதி கதவோரம் நின்றாள்.

"ஏன் மொகம் இப்படி இருக்கு?"

"பொம்பள எப்படி உக்காருவான்னு எனக்குத் தெரியல லீலா. காலை மடிச்சா தொடை எங்க பரவும், வயிறு எங்க மடியும்... பாக்காம வரமாட்டேங்குது. பாக்கவும் கூடாது."

"நீங்க பாக்க வேணாம்."

"அப்புறம்?"

"அந்தக் காக்கித் தாளை இங்க குடுத்துட்டுப் போங்க."

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஜன்னலுக்குச் சேலையைக் கட்டினாள். தாளை வெட்டுப் பலகையில் விரித்தாள். அம்மன் உட்காருகிற மாதிரி ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, உடுப்பில்லாமல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் உடம்பில் பார்த்ததைக் கரியால் போட்டாள். ஜாக்கெட் தைக்கிற கை. வளைவு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று அதற்குத் தெரியும். மறுநாள் சோற்றுத் தூக்கோடு தாள் சுருளும் போனது. பெண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது என்றுதானே சட்டம், தாளைப் பார்க்கக் கூடாது என்று எவன் சொன்னான் என்று மணிவேல் தன் மனசைச் சமாதானம் செய்துகொண்டான். உடம்பை அவள் தாளைப் பார்த்துக் கட்டினான். தலை அவனுக்கு வரும். குதிரைக்கும் முனிக்கும் எத்தனை தலை வைத்தவன்!

புது அம்மனைப் பார்த்த அய்யம்பெருமாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "யப்பா! இப்ப எந்திரிச்சு, இங்க என்னடா கூட்டம்னு கேப்பா போல இருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு மணிவேலுக்கு மூச்சு விட நேரமில்லை. செந்துறை, ஜெயங்கொண்டம், கொள்ளிடக்கரை வரைக்கும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காப்பு, படுதா, சோற்றுத் தூக்கு, தாள் சுருள். லீலாவதிக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு செய்த அம்மனுக்கு அடிவயிற்றில் ஒரு மடிப்பு வந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "இவ புள்ள பெத்த அம்மன்டி, நாம சொன்னா இவளுக்குப் புரியும்" என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். லீலாவதி இடை பெருத்தால் ஏழெட்டு மைல் தள்ளி அம்மனுக்கும் இடை பெருத்தது. இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் அதில் பேர் வாங்கினான். இன்னொருத்தி கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

"ஊர் கும்புடுறப்ப உனக்கு எப்படி இருக்கும்?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"வெளில நின்னு நானும்தான் கும்புடணும். கும்புடலன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?" என்றாள்.

அரியலூர் தனி ஜில்லாவாகப் பிரிந்து போய், ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல், கோபித்துக்கொண்டு போன மருமகள் மாதிரி பெரம்பலூருக்கே திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த மழைக்காலத்தில்தான் உபைத் வந்தான். லெப்பைக்குடிக்காட்டுப் பையன். அவன் அத்தா மீரான் துபாயில் இருந்துகொண்டு மகன் இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் மெட்ராசில் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தான். சிமெண்டுச் சிலை பார்க்க வந்தவன் மழைக்கு மணிவேல் வீட்டில் ஒதுங்கினான். கூரை ஷீட்டில் ஒழுகாமல் இருக்கப் பழைய காக்கித் தாள்களைச் செருகி வைத்திருந்தார்கள். உபைத் தலையைத் தூக்கியவன் இறக்கவே இல்லை.

"அண்ணே... இதெல்லாம் யாருண்ணே வரைஞ்சது?"

உள்ளே மிஷின் சத்தம் நின்றது.

மணிவேல் உள்கதவைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பெண் வரைந்தது என்று வெளியே போனால், சுற்றுப்பட்டில் இருக்கிற அத்தனை அம்மனையும் கடப்பாரை போட்டு இடிப்பார்கள்.

"நான்தான் தம்பி."

அப்புறம் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

உபைத் தாள்களைக் கேட்டான். ஒழுகல் தாள்தானே என்று மணிவேல் கழற்றிக் கொடுத்துவிட்டான். ஒழுகலுக்கு உபைத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்த வியாபாரம்.

இரண்டு வருஷம் கழித்து மெட்ராசில் அதையெல்லாம் மாட்டினார்கள். மணிவேலுக்குப் பேண்ட் தைத்துப் போட்டு உபைத் கூட்டிப்போனான். தைத்தது யார்? லீலாவதிதான். அங்கே ஒரே கூட்டம். தாடி வைத்த ஆண்களும் முடி வெட்டிய பெண்களும் படத்துக்கு மூக்கை வைத்துப் பார்த்தார்களாம். ஒருத்தர் மணிவேலிடம் கேட்டாராம்.

"இத்தனை நிர்வாண ஓவியங்களிலும் தலை இல்லையே, ஏன்?"

மணிவேலுக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வழியில்லை. தலையைத்தான் அவனே செய்துகொள்வானே. அதனால், "தலை எனக்குத் தேவைப்படலிங்க" என்றான்.

இடமே அதிரக் கைதட்டினார்களாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பெண்ணை முகத்தை வைத்து அளக்கிற காலம் முடிந்தது என்று ஒருவர். உடம்புக்குத் தனியாக நினைப்பு உண்டு என்று இன்னொருவர். கம்பியை முறுக்கிச் சிலை செய்கிற ஒரு ஆள் தன் பழைய சிலைகளின் தலையை எல்லாம் அறுத்தே எடுத்துவிட்டாராம். ஒரு பெண் ஓவியர் கேன்வாஸை ஓரம் தள்ளிவிட்டுச் சாக்குத் தாளில் கரி பிடிக்க ஆரம்பித்தாள். "அண்ணே, இந்த வருசம் மெட்ராசுல தலை வச்சு வரையுறவன்லாம் பழைய ஆளுண்ணே" என்று உபைத் போனில் சொன்னான். மாடர்ன் ஆர்ட் என்றால் இதுதான் போலிருக்கிறது. எங்கள் ஊரில் அதைக் கூரையில் செருகி வைத்திருந்தோம்.

உபைத் கெட்டிக்காரன். ஒருநாள் மெதுவாகக் கேட்டான். "எல்லாப் படமும் மேலேர்ந்து பாத்த மாதிரியே இருக்கே. நீங்க எங்கண்ணே நின்னுக்கிட்டு வரைஞ்சீங்க?"

"பரண் மேல" என்றான் மணிவேல்.

உபைத் அதற்கு மேல் கேட்கவில்லை. மணிவேல் வீட்டில் பரணே கிடையாது, அந்த வீட்டை அவன் பார்த்தவன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு படத்தைச் சின்னதாகப் போட்டார்கள். கூடவே மணிவேல் பேரும் ஊரும், அந்தத் "தேவைப்படல" வசனமும். குன்னத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. பழைய பேப்பராகி, பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை போட்டிருக்கிற மருதாயி கைக்கு வந்தது. பார்சல் கட்டப் போனவள் கையை நிறுத்தினாள்.

"ஏய், இங்க வாங்கடி. இது லீலாவதி முட்டியில்ல?"

லீலாவதிக்கு இடது முழங்காலில் கஞ்சி கொட்டி வெந்த தழும்பு உண்டு, மாவிலை மாதிரி. மிஷின் மிதிக்கும்போது சேலை ஏறும். ஜாக்கெட் தைக்க வந்த பெண்களுக்கெல்லாம் அந்த முட்டி அத்துப்படி. படத்திலும் அதே மாவிலை, உட்கார்ந்திருப்பதும் அம்மன் மாதிரியே ஒரு காலை மடித்து.

அவ்வளவுதான். அன்றைக்கு இட்லி வாங்கினவர்களுக்கெல்லாம் சட்னியோடு அந்தச் செய்தியும் கிடைத்தது. மணிவேல் சொன்ன பரணும் எப்படியோ ஊருக்கு வந்து சேர்ந்து, பரண் மேல் படுத்துக்கொண்டு வரைந்தான் என்றாகிவிட்டது. மெட்ராசில் கைதட்டு வாங்கிய வசனம் இங்கே வேறு வேலை செய்தது. "தலை தேவைப்படலையாம்! மானத்துக்குப் பயந்து மறைச்சுட்டு, பேச்சைப் பாரு!"

தைக்கக் கொடுத்த துணிகளைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிப் போனார்கள். மருதாயியே வந்தாள்.

"என் துணியைக் குடுத்துடு லீலா. உன்கிட்ட அளவு குடுக்கவே பயமா இருக்கு, நாளைக்கு நானும் பேப்பர்ல வருவேன்."

"நீ வந்தா பேப்பர் பத்தாது மருதாயி" என்றாள் லீலாவதி. நாக்கு மட்டும் அப்படியேதான் இருந்தது. ஆனால் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆண்கள் முட்டியைப் பார்த்தார்கள். திருமானூருக்குப் போகலாம் என்றால் செய்தி அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறியிருந்தது. அம்மா வீட்டிலிருந்து, "இப்ப வர வேணாம்" என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். முன்பெல்லாம் தாழை அவள் உள்ளேயிருந்து போட்டாள். இப்போது ஊர் வெளியேயிருந்து போட்டுவிட்டது.

இந்த நேரத்தில்தான் அரியலூர் ரோட்டோரம் பெரிய அம்மன் படுதாவுக்குள் உட்கார்ந்திருந்தாள். பூச்சு முடிந்துவிட்டது, கண் மட்டும் திறக்க வேண்டும். மணிவேல் கையில் காப்பு. அய்யம்பெருமாள் வேலையை நிறுத்தினார்.

"காப்புக் கட்டினவன் பொண்டாட்டிய அம்மணமா நிறுத்திப் பாத்து, அதை அம்மன்னு குடுத்திருக்கான். அப்ப இத்தனை வருசமா நாங்க கும்புட்டது யாரைய்யா?"

தீர்ப்பும் அவரே சொன்னார். லீலாவதி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நான் எவன் முன்னாலும் துணியில்லாமல் நின்றதில்லை, அந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதால் மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னால் கண் திறப்பு. சொல்லாவிட்டால் இந்த அம்மனோடு சேர்த்து மற்ற அம்மன்களையும் இடிப்பது.

சத்தியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மணிவேல் சோற்றுத் தூக்குக்காகத் தெருவில் நின்றான். நான் பக்கத்துக் கம்பத்தில் ஒயர் கட்டிக்கொண்டிருந்தேன். காது தானாக நீண்டது.

"ஒரு வார்த்தை லீலா. சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுடும்."

"முதல் பாதி நெசம். ரெண்டாவது பாதி பொய். கற்பூரத்துல பாதியை மட்டும் அணைக்க முடியுமா?"

"நெசத்தைச் சொன்னா மட்டும் விட்டுடுவாங்களா? பொம்பள போட்ட உருவம்னு இடிப்பாங்க. அப்புறம் எனக்குச் செவுரு பூசக்கூட ஆள் கூப்பிட மாட்டான்."

"சொல்லலன்னா நான் கெட்டவ. சொன்னா நீங்க கெட்டீங்க. பொய் சொன்னா அம்மன் பாத்துக்குவா. எந்தப் பக்கம்தான் நான் போறது?"

அவன் தூக்கை வாங்கிக்கொண்டு அம்மன் இருந்த பக்கம் நடந்தான்.

மறுநாள் காலையில் நான் புளியமரத்தில் இரண்டு குழாய் ரேடியோவும் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்றும் கட்டியிருந்தேன். வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட வேலையை விட்டுவிட்டுக் காதைத் தூக்கினார்கள். படுதாவுக்கு முன்னால் தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்தது. லீலாவதி வந்தாள். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எப்போதும் போலத்தான் கட்டியிருந்தாள்.

அய்யம்பெருமாள் மைக்கை அவள் பக்கம் தள்ளினார். "சொல்லும்மா. சுருக்கமா சொல்லு. ரெண்டே ரெண்டு வார்த்தை."

மணிவேல் படுதா ஓரம் தரையைப் பார்த்து நின்றான். மருதாயி இட்லிக் கடையை மூடிவிட்டு முன்வரிசையில் இருந்தாள். கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

லீலாவதி கற்பூரத்தைத் தொடவில்லை. மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் எவன் முன்னாடியும் நிக்கல. என் புருசன் முன்னாடியும் நிக்கல. அவரு என்னைப் பாக்கவும் இல்ல, வரையவும் இல்ல. அது என் உடம்புதான். கதவைத் தாழ் போட்டுக்கிட்டு நானே பாத்து நானே வரைஞ்சது. மானத்துக்குப் பயந்து தலையை மறைச்சுட்டாங்கன்னு பேசுறீங்களே... எல்லாரும் ஒருதரம் குனிஞ்சு உங்க உங்க உடம்பைப் பாருங்க. தலை தெரியுதா?"